கொக்கேரிக்கு ஒரு பெட்ரோல் படகு

பொம்மை என்றுதான் மனைவி வனமயில் சொன்னாள். வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்துச் சொன்னாள், இந்த வயசுல பொம்மை வாங்கப் போற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன் என்று. அந்தப் பொம்மை இப்போது முகப்பேரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் ஷெட்டில், பழைய கம்பளியின்மேல், மூடியைக் கழற்றி வயிற்றைத் திறந்துபோட்ட கோலத்தில் தணிகாசலத்துக்கு முன்னால் கிடந்தது. பொம்மை மாதிரி இல்லை. இரண்டு கையையும் நன்றாக விரித்தால்தான் மூக்கையும் வாலையும் ஒருசேரத் தொடலாம். வெள்ளை ஃபைபர் உடம்பு, கீறல் விழுந்த மூக்கு, பின்பக்கம் கத்திபோலப் பளபளக்கும் இரண்டு இலை ப்ரொப்பெல்லர், உள்ளே புல் வெட்டும் மெஷினில் இருக்குமே அந்த மாதிரி ஓர் இன்ஜின், கயிற்றை இழுத்துக் கிளப்புவது. அவர் குனிந்து மோந்து பார்த்தார். பெட்ரோலும் ஆயிலும் கலந்த புகைநாற்றம் பிசினாகப் படிந்திருந்தது, இது மொபெட்டின் வாசனை, வேறு எதன் வாசனையும் இல்லை, காலை ஷிப்டுச் சங்கு ஊதுவதற்குள் தொழிற்பேட்டை எஸ்டேட்டின் எல்லாக் கேட்டுகளையும் தொட்டுவிட்டு வந்த அந்தப் பச்சை மொபெட், பின்னால் வனமயில், அவள் மடியில் துண்டறிக்கைக் கட்டு, மை காயாத கட்டு, அவள் புடவையில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறிப் பதிந்துவிடும், வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றால் அவள் இடுப்பில் ‘தொழிலாளியே விழித்தெழு’ என்று நேராகப் படிக்கலாம், ஏங்க, இதைத் தோய்ச்சா போகுமா என்பாள், போகாது, போகக்கூடாது என்பார் அவர். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. மிச்சத்தை எல்லாம் துண்டறிக்கைதான் சொல்லிக்கொடுத்தது. ஏகபோகம் என்ற சொல்லும் உபரி என்ற சொல்லும் அதில் கற்றவை, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதையே ஒரு மே தினத் துண்டறிக்கையில்தான் நம்பத் தொடங்கினார். அதனாலோ என்னவோ இன்றைக்கும் அவர் எதை நினைத்தாலும் முதலில் தலைப்பு வந்து நிற்கும், தடித்த எழுத்தில், கேள்விக்குறியோடு. கொக்கேரி யாருக்குச் சொந்தம்? இப்போதும் வந்து நின்றது. அதற்குக் கீழே எழுத வேண்டியதைத்தான் இந்தக் கம்பளியின்மேல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“சார், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க,” என்றார் படகுக்காரர் கிருபாகரன். ஐம்பதைத் தொட்ட ஆள், அரைக்கால் சட்டை, பக்கத்துத் தெருவில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு திருநீர்மலைப் பக்கம் ஒரு கைவிட்ட கல்குவாரிக் குட்டையில், கரையில் நின்றபடி ரிமோட்டால் இந்தப் படகை ஓட்டிக்கொண்டிருந்தவர். “பேட்டரில ஓடுற போட் இருக்கு. சார்ஜ் போட்டா போதும். இந்த மாதிரி பெட்ரோல், ஆயில், கார்பரேட்டர் தொல்லை எதுவும் கிடையாது. முக்கியமா சத்தமே வராது.” தணிகாசலம் தலையை ஆட்டி மறுத்தார். சத்தமே வராது. சத்தம் வராத ஒன்றைத்தான் அவர் இரண்டு வருஷமாகக் கழுத்துக்குள் சுமந்துகொண்டு திரிகிறாரே, இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கவா? முப்பது வருஷம் கேட் கூட்டம் பேசிய தொண்டை அது. மைக் செட்டுக்குப் போலீஸ் அனுமதி மறுத்த நாட்களில் ஒரு டீக்கடை பெஞ்சின்மேல் ஏறி நின்று வெறும் வாயால் பேசினால் எஸ்டேட்டின் மூன்றாம் தெருவில் லேத் ஓட்டுகிறவன் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பான். புற்று என்று ஒரு பக்கத்துக் குரல்நாணை வெட்டி எடுத்தார்கள். மிச்சத்தைக் கதிர் வைத்துச் சுட்டார்கள். இப்போது பேசினால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம். அதைக் கேட்க மனிதர்கள் குனிகிறார்கள், அதுதான் தாங்கவில்லை, சாகக் கிடப்பவனின் கடைசிப் பேச்சைக் கேட்பதுபோலக் காதை அவர் வாயருகே கொண்டுவருகிறார்கள், முகத்தில் ஒரு பரிவை வேறு பூசிக்கொண்டு. சங்க அலுவலகத்தில் புதுச் செயலாளன், தோழர், நீங்க வந்து மேடையில உக்காந்தா போதும், அதுவே எங்களுக்குப் பலம் என்கிறான். ஒரு சால்வை போர்த்துகிறான். போட்டோ எடுக்கிறான். சுவரில் மாட்டவேண்டிய படத்தை நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். போன மாதம் அந்த மேடையிலிருந்து பாதியில் இறங்கி வந்துவிட்டார், சால்வையை மைக் ஸ்டாண்டுக்குப் போர்த்திவிட்டு. “சத்தம் வேணும்,” என்றார் இப்போது, காற்றாக. கிருபாகரன் குனிந்தார். எல்லாரையும் போல. “என்ன சார்?” “சத்தம். வேணும்.” கிருபாகரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நீங்க சரியான ஆளு சார்! இது கிளம்புச்சுன்னா குவாரிக்கு அந்தப் பக்கம் மாடு மிரளும். அதனாலதான் விக்கிறேன். அசோசியேஷன்ல தீர்மானம் போட்டுட்டாங்க, ஷெட்டுக்குள்ளகூட ஸ்டார்ட் பண்ணக் கூடாதாம். மூணாவது மாடி மேடம் தலைவலிக்கு டாக்டர் சீட்டே வாங்கிட்டு வந்து காட்டுறாங்க.” தீர்மானம். தணிகாசலத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் கை உயர்ந்தது, எதிர்த்து ஓட்டுப் போடுகிறாற்போல, பாதி வழியில் அதைத் திருப்பிக் கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.

டீ வந்தது. கிருபாகரனின் மனைவி சுகிர்தா தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள், “எடுத்துக்கங்க அங்கிள்,” என்று ஒரு ஸ்டூலை இழுத்து அதன்மேல் கப்பை வைத்தாள். தணிகாசலம் கும்பிட்டார், தொடவில்லை. அது அவருடைய சங்கத்தில் எழுதாத சட்டம். பேச்சுவார்த்தை மேசையில் நிர்வாகம் வைக்கும் டீயைக் கோரிக்கை முடிகிறவரை தொடக் கூடாது. கையெழுத்தான பிறகு குடிக்கலாம், ஆறிப்போயிருந்தாலும் குடிக்க வேண்டும், குடித்தால் முடிந்தது என்று அர்த்தம், வெளியே கேட்டில் நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியே, தோழர், டீ குடிச்சாச்சா என்பதுதான். ஒரு தீபாவளி போனஸ் பேச்சின்போது காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை கப் கப்பாக வந்து வரிசையாக ஆடை கட்டி நின்றது, வைத்தியலிங்கம் என்ற புதுப் பையன் தாகம் தாங்காமல் ஒரு வாய் குடித்துவிட்டான், நிர்வாகி சிரித்தான், அந்தச் சிரிப்புக்காகவே அந்த வருஷம் இன்னும் ஒரு வாரம் இழுத்தது. இங்கே நிர்வாகம் இல்லை, கோரிக்கை இல்லை, ஒரு படகு வாங்குவதற்கு என்ன சட்டம் என்று வனமயில் இருந்தால் கேட்பாள். அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இன்று காலை இட்லியின் இரண்டாவது விள்ளல் தொண்டையில் நின்றது. ஒரு கணம்தான். தண்ணீர் குடித்ததும் இறங்கிவிட்டது. அவள் சட்னி எடுக்கத் திரும்பியிருந்தாள். முதல் தடவையும் இப்படித்தான் தொடங்கியது, ஒரு கணம், ஒரு விள்ளல், பிறகு ஒரு ஸ்கேன், பிறகு டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசுவது. ஆகவே ஸ்டூலின்மேல் இருக்கும் அந்தக் கப்பைத் தொடாமல் இருப்பது சட்டமா, பயமா? சட்டம்தான். சட்டம்தான் என்று தனக்குத்தானே சொன்னார், ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதுபோல இரண்டு தடவை. சுகிர்தா போகாமல் கதவருகே நின்று, “நாளைக்கு எங்களுக்கும் போட்டிங்தான் அங்கிள்,” என்றாள் சந்தோஷமாக. “கொக்கேரில திறக்கிறாங்கல்ல, போட் கிளப்பு. பெரிய ஆளுங்க எல்லாம் வராங்களாம். எங்க ஃபிளாட்டுக்கே பாஸ் குடுத்திருக்காங்க.”

கொக்கேரி. அவள் வாயில் அது ஏதோ ஐஸ்கிரீம் கடையின் பெயர்போல இருந்தது. அந்த ஏரியில் லாரி டியூபின்மேல் உட்கார்ந்து வலைவீசியவர்களை உனக்குத் தெரியுமா அம்மா, இரண்டு காலும் தண்ணீருக்குள், குளிரில் வெளுத்து ஊறிப்போன பாதங்கள், ஜிலேபியும் கெண்டையும் பிடித்து விடிவதற்குள் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம், அந்தச் சங்கத்துக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர் இதோ உன் வீட்டு ஷெட்டில் கம்பளிக்கு எதிரே குந்தியிருக்கிறார். குத்தகை முடிந்தது என்றார்கள். ஏரியை அழகுபடுத்துகிறோம் என்றார்கள். டியூபுகளைக் கரையில் குவித்து ஒவ்வொன்றாகக் கத்தியால் கிழித்தார்கள், அந்தச் சத்தம், காற்று இறங்கும் அந்தச் சத்தம், அதை அவர் தினமும் தன் வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறார். கம்பிவேலி போட்டார்கள், வாத்து வடிவத்தில் மிதிபடகு இறக்கினார்கள். சங்கத் தலைவனாக இருந்த எத்திராஜுலுவுக்கு நீல நிறத்தில் சட்டையும் தொப்பியும் கொடுத்துக் கேட்டில் நிறுத்தினார்கள், அவன் இவரைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறான், என்ன பண்றது தோழர், புள்ளைங்க படிக்குது என்கிறான், அவன்மேல் கோபப்படத்தான் வேண்டும், கோபம் வந்து பாதித் தொண்டையில் நின்றுவிடுகிறது, இட்லி மாதிரி. தணிகாசலத்தைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் அமைதிக்கு உத்தரவாதம் என்று பிணை எழுதி வாங்கினார்கள். ஏரிக்கரையில் கால் வைக்க மாட்டேன். ஒலிபெருக்கி வைக்க மாட்டேன். கூட்டம் கூட்ட மாட்டேன். துண்டறிக்கை வினியோகிக்க மாட்டேன். அவர் கையெழுத்துப் போடுமுன் அதை இரண்டு தடவை படித்தார், ஆய்வாளர் சலித்துக்கொண்டார், என்ன பெரியவரே, பரீட்சைக்கா படிக்கிறீங்க? பரீட்சைக்குத்தான். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று படிப்பவன் குமாஸ்தா, என்ன இல்லை என்று படிப்பவன்தான் சங்கக்காரன். அதில் படகு இல்லை. சாலைப் பாலமும் இல்லை. ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலங்கலை ஒட்டி நெடுஞ்சாலையில் ஒரு பாலம் இருக்கிறது, கரைக்கு வெளியே, பேருந்து போகிற பொதுச் சாலை, அதன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கும் ஒரு கிழவனை எந்தச் சட்டம் என்ன கேட்கும்? நாளைக் காலை ரிப்பன் வெட்டுகிற நேரத்தில், வாத்துகளுக்கு அந்தப் பக்கம், பாலத்திலிருந்து கயிற்றில் இறக்கிவிட்ட, கறுப்புக்கொடி கட்டிய ஒரு படகு நடுத்தண்ணீரில் கத்திக்கொண்டே வட்டம் போடும். யாரையும் முட்டாது. யார் பக்கத்திலும் போகாது. வட்டம் மட்டும் போடும். அவர்கள் பேச வேண்டிய பேச்சை எல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பார்க்கட்டும். இதற்காகத்தான் தன்னிடம் மிஞ்சியிருந்த ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு புனல் ஸ்பீக்கரையும் பழைய சாமான்காரனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இனி அவற்றுக்குள் ஊதக் காற்று மட்டும்தானே இருக்கிறது.

“யாருக்கு சார் போட்டு?” என்று கேட்டார் கிருபாகரன். சாதாரணமாகத்தான் கேட்டார், கயிற்றுப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே. சுகிர்தா இன்னும் கதவருகே நின்றாள், பாஸ் வாங்கியவள், நாளைக்கு அங்கே நிற்கப்போகிறவள். ஒரு போன் போதும் அவளுக்கு, போலீஸ் வந்துவிடும். போன் பண்ணாமல், படகைத் தரமாட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டால்கூட இந்த ஊரில் இன்னொரு பெட்ரோல் படகை ஒரே நாளில் எங்கே போய்த் தேடுவது? காலையில் வனமயில் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது, பேரனுக்குன்னு சொல்லுங்களேன், எங்க, உங்க வாயால ஒரு பொய் சொல்லுங்க பாப்போம். லாக்கப்பில் விரல் நகத்தைப் பிடுங்கிவிடுவேன் என்றவனிடம்கூடத் தணிகாசலம் பொய் சொன்னதில்லை, சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னார், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, சொல்ல மாட்டேன் என்பதற்கு முதுகெலும்பு வேண்டும். “பேரனுக்கு,” என்றார். சொல்லி முடித்தபின்தான் சொன்னது காதில் விழுந்தது. எவ்வளவு சுலபம். குரல் போனதும் ஒரு விதத்தில் வசதிதான், காற்றில் எது பொய் எது நிஜம் என்று யாருக்கும் தெரியாது. மகளுக்குக் குழந்தை இல்லை, பெங்களூரில் அவளும் மாப்பிள்ளையும் ஒரு பூனை வளர்க்கிறார்கள். ஆனாலும் பேரன் உடனே வந்து நின்றான், எட்டு வயசு, முன்பல் விழுந்தவன், ஆங்கிலப் பள்ளிக்கூடத்து டை கட்டியவன், தாத்தா தாத்தா என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறான், வாத்துப் படகில் போகணும் என்கிறான், டேய் அந்த வாத்துமேல ஏறினா காலை ஒடிச்சிடுவேன் என்று இல்லாத பேரனை அதட்டிக்கொண்டிருந்தபோது டப் என்று ஒரு சத்தம் கேட்டது. கிருபாகரன் படகின் வயிற்றை மூடியைப் போட்டு மூடிவிட்டார். “அப்ப இல்லை சார்,” என்றார். “மன்னிச்சுக்கங்க. குழந்தைக்குன்னா தரமாட்டேன். இது பொம்மை இல்லை சார். இந்த ப்ரொப்பெல்லர் சுத்துறப்ப விரல் பட்டுதுன்னா விரல் தண்ணில மிதக்கும். என் ஃபிரெண்டோட மச்சானுக்கு ஆயிருக்கு. எவ்வளவு குடுத்தாலும் சரி, தரமாட்டேன். பேரனுக்கு அந்த பேட்டரி போட்டே நான் வாங்கித் தரேன், நல்ல கடை தெரியும்.”

இது பொம்மை இல்லை சார். ஓடிப்போய் இதை வனமயிலிடம் சொல்லவேண்டும்போல இருந்தது, பார்த்தாயா, அந்த ஆளே சொல்கிறான் என்று. என்ன சொல்லி முடிப்பது, பொம்மை இல்லை, ஆனால் கிடைக்கவும் இல்லை, ஏனென்றால் நான் ஒரு பொய் சொன்னேன், முதல் பொய், அதையும் தப்பான இடத்தில் சொன்னேன். கூட்டத்துக்குப் புதிதாக வந்தவன் எதிரியின் பேச்சுக்குக் கைதட்டிவிடுவதுபோல. முழங்கால் வலித்தது. ஷெட்டின் தகரக்கூரைக்கு மேலே யாரோ துணி உதறுகிறார்கள். டீயின்மேல் ஆடை படர்ந்துவிட்டது, நடுவில் ஒரு சுருக்கம், சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டே எச்சிலை விழுங்கினார், போயிற்று, இன்னொரு தடவை விழுங்கினார், லேசாக உரசிக்கொண்டு போயிற்று. இது மறுபடி வந்திருந்தால் அடுத்த வருஷம் இந்த நேரத்தில் யார் இருப்பார்கள் பாலத்தின்மேல்? சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வனமயில். போனில் அவர் காற்று அந்தப் பக்கம் கேட்பதில்லை, அதனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு, அவள் கேட்பாள், அவர் போனை நகத்தால் தட்டுவார், ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. “என்னங்க, போய்ச் சேந்தாச்சா?” ஒரு தட்டு. “பொம்மை கிடைச்சுதா?” இரண்டு தட்டு. “ஏன், அந்தாளு மாட்டேங்கறானா?” ஒரு தட்டு. “எதுக்குன்னு கேட்டானா?” ஒரு தட்டு. அவள் சிரித்தாள். “நீங்க வழக்கம்போல ஏரி, ஏகபோகம்னு ஆரம்பிச்சிருப்பீங்க. நான் சொன்ன மாதிரி பேரனுக்குன்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பான்ல?” நகம் போனின்மேல் நின்றது. எதைத் தட்டுவது. இரண்டு தட்டினால் இன்னொரு பொய் ஆகுமா ஆகாதா என்று அவர் கணக்குப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கிவிட்டது. “என்ன, பதிலே காணோம்? ஏங்க... சொல்லிட்டீங்களா?” ஒரு தட்டு. அங்கே குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. “நீங்களா?” என்றாள். திட்டவில்லை. மொபெட்டின் பின்னால் தடியடியில் மண்டை உடைந்து, ரத்தம் கண்ணில் வழிய, துண்டறிக்கைக் கட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், அன்றைக்குக்கூட இப்படி ஒரு குரலில் அவள் பேசியதில்லை. “சரி, வெச்சிடுறேன்,” என்றாள். வைத்துவிட்டாள்.

கிருபாகரன் படகைத் தூக்கி அலமாரிப் பக்கம் கொண்டுபோகப் பார்த்தார். தணிகாசலம் அதன் மூக்கில் கையை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார், கேட் முன்னால் லாரியின் பானட்டில் கை வைப்பதுபோல, அப்படி வைத்த கையை எந்த டிரைவரும் இடித்துக்கொண்டு போனதில்லை. “தம்பி,” என்றார். கிருபாகரன் குனிந்தார். “குனியாதீங்க. நிமிந்து நில்லுங்க. கேக்கும்.” கேட்டது, அல்லது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார், நிமிர்ந்தார். தணிகாசலமும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நின்று பேசினால்தான் பேச்சு. “பேரன் கிடையாது. பொய். நாளைக்குக் காலைல கொக்கேரில கறுப்புக்கொடி. இந்தப் படகுல. நான் பாலத்துமேல நிப்பேன். அந்த ஏரி அவனுங்களுது இல்லை. டியூபுல மீன் புடிச்சவனுங்களுது. அதைச் சொல்லணும். எனக்குத் தொண்டை இல்லை. அதான் சத்தம் போடுற படகு வேணும்.” இத்தனை சொற்கள் ஒரே மூச்சில் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது, முடித்தபோது மார்பு தூக்கிப்போட்டது, கண்ணில் நீர் வந்தது, அது இருமலால் வந்த நீர், வேறு எதுவும் இல்லை. சுகிர்தா கதவை விட்டு முன்னால் வந்தாள். “நாளைக்கா? நாங்க அங்க இருக்கறப்பவா?” “ஆமாம்மா. நீ வாத்துல இருப்பே. உன் பக்கம் வராது.” “ஐயோ!” என்றாள் அவள், வாயைப் பொத்திக்கொண்டாள், பயமா சிரிப்பா என்று தெரியவில்லை. கிருபாகரன் அவளைப் பார்த்தார், படகைப் பார்த்தார், மேலே மூன்றாவது மாடிப் பக்கம் பார்த்தார், கம்பளியின் ஓரத்தைக் காலால் மடித்து மடித்து விரித்தார். இந்த மௌனம் தணிகாசலத்துக்குப் பழக்கமானது. வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பார்த்த மௌனம். இதன் முடிவில் கதவு மூடும், அல்லது ஒரு கேள்வி வரும். கேள்வி வந்தது. “கொடி எவ்வளவு பெருசு சார்?” தணிகாசலம் இரண்டு கையால் காட்டினார். கிருபாகரன் தலையில் அடித்துக்கொண்டார். “கவுந்துடும் சார்! இது பறக்குற போட்டு, தண்ணில பாதி நேரம் ஒட்டவே ஒட்டாது. கம்பு நட்டுக் கொடி கட்டினா முதல் திருப்பத்துலயே மல்லாக்க விழுந்துடும். வாத்துல இருக்கறவன்லாம் கைதட்டுவான்.”

கைதட்டுவான். அதை நினைத்துப் பார்த்தார், வெள்ளை வயிறு தெரிய மல்லாந்து மிதக்கும் படகு, மேடையில் சிரிப்பு, அந்த போனஸ் வருஷத்து நிர்வாகியின் சிரிப்பு. கொடி இல்லாமல் என்ன போராட்டம்? கொடி என்பது என்ன, ஒரு கம்பு, ஒரு துணி, துணியின் நிறம். கம்பு வேண்டாம். துணி வேண்டாம். மொபெட்டில் வந்த வனமயிலின் இடுப்பில் எழுத்து ஒட்டிக்கொண்டதே, அவளே துண்டறிக்கையாக நடந்தாளே. அவர் படகின் வெள்ளை முதுகைத் தடவினார். “கட்டலை,” என்றார். “படகையே கறுப்படிச்சிடறேன்.” கிருபாகரன் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார், அது அவரே கையால் பூசித் தேய்த்து மெருகேற்றிய வெள்ளை என்று முன்னமே பெருமையாகச் சொல்லியிருந்தார். மூச்சை இழுத்து விட்டார். “ஸ்ப்ரே பெயிண்டா வாங்குங்க. பளபளப்பில்லாத கறுப்பு. ரெண்டு கோட்டுக்கு மேல வேணாம், எடை ஏறும். ஆள் இருக்கற பக்கம் மட்டும் திருப்பாதீங்க சார், நடுவுலயே வெச்சுக்கங்க.” பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், “என் பேரு வரக்கூடாது சார்.” தணிகாசலம் சிரித்தார், சிரிப்பும் காற்றுதான். “பயப்படாதே தம்பி. போலீஸ்காரன் எவ்வளவு கத்திக் கேட்டாலும் இந்தத் தொண்டைலேருந்து எவன் பேரும் வெளிய வராது. அன்னிக்கும் வரலை.” “ஓட்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க,” என்றார் கிருபாகரன். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டவர்போல மேலே பார்த்தார், ஷெட், தீர்மானம், மூன்றாவது மாடி. பார்த்துவிட்டுத் தோட்டத்துக் குழாயிலிருந்து ரப்பர் டியூபை இழுத்துவந்து படகின் வயிற்றில் ஒரு சின்னக் குழாய்வாயில் செருகினார். “தண்ணி ஓடணும் சார், இல்லாட்டி இன்ஜின் சுட்டுப்போயிடும். சுகி, குழாயைத் திற.” சுகிர்தா தயங்கினாள். நாளைய பாஸ் வாங்கியவள். பிறகு திறந்தாள்.

தணிகாசலம் ஸ்டூல் பக்கம் திரும்பினார். “ஆறிப்போச்சு அங்கிள், வேற போட்டுத் தரேன்,” என்றாள் அவள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கப்பை எடுத்தார். முடிந்தால் குடிக்க வேண்டும், அதுதான் சட்டம், ஆடை படர்ந்திருந்தாலும். வாயில் வைத்தார். ஆடை மேலுதட்டில் ஒட்டியது. தொண்டை காத்திருந்தது, அவரும் காத்திருந்தார், கேட்டில் நிற்பவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். விழுங்கினார். உரசியது, ஒரு இடத்தில் நின்றது, நின்று யோசித்தது, போ என்றார், போயிற்று. மறுபடி ஒரு வாய். மறுபடி நின்றது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வனமயிலிடம் சொல்லிவிட்டே போகலாம், இனி அவளிடம் எதையும் சட்னி எடுக்கத் திரும்பும் நேரமாகப் பார்த்து மறைக்கிற வேலை வேண்டாம். திங்கள் என்றால் திங்கள், நாளை ஞாயிறு. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கப்பைக் கவிழ்த்து வைத்தார். கிருபாகரன் ரிமோட்டைக் கையில் கொடுத்தார், துப்பாக்கிப் பிடிபோல இருந்தது, ஆட்காட்டி விரலுக்கு ஒரு விசை, இழுத்தால் வேகம். அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுத்தார். புஸ். இன்னொரு தடவை. புஸ். தன் குரல்தான், அசல் தன் குரல். மூன்றாவது தடவை தோளிலிருந்து இழுத்தார், பெஞ்சின்மேல் ஏறி நின்று முதல் சொல்லை அடிவயிற்றிலிருந்து எடுப்பதுபோல, பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க அது நிறைந்தது, தகரக்கூரை அதிர்ந்தது, சுகிர்தா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இப்போது சிரிப்புதான், நிச்சயமாகச் சிரிப்பு. அவர் விசையை இழுத்தார். அது கத்தியது. இன்னும் இழுத்தார், இன்னும் கத்தியது, நீலப்புகை எழுந்து மொபெட் வாசனை முகத்தில் அடித்தது, எங்கோ ஒரு நாய் குரைத்தது, மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, பால்கனிகளில் தலைகள் வந்தன, மூன்றாவது மாடியில் ஒரு பெண்குரல் கிரீச்சிட்டது, “யாருங்க அது? அறிவிருக்கா? சத்தத்தை நிறுத்துங்க!” தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சத்தத்தை நிறுத்து. இரண்டு வருஷமாக இந்தச் சொல்லை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எல்லாரும் காதைக் கிட்டே கொண்டுவந்தார்கள், ஒருவர்கூட வாயை மூடு என்று சொல்லவில்லை. “சார், போதும் சார்!” என்று கிருபாகரன் வாயசைப்பது தெரிந்தது, கேட்கவில்லை. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ரிமோட்டை விடாமல் மறு கையால் எடுத்து, காதில் வைக்காமல், இன்ஜினுக்கு எதிரே கொஞ்ச நேரம் நீட்டிப் பிடித்தார். பிறகு காதில் வைத்தார். “ஏங்க! என்னங்க சத்தம் அது?” வனமயில் அலறிக்கொண்டிருந்தாள். “ஏங்க! நீங்களா?” தணிகாசலம் நகத்தால் ஒரு தடவை தட்டினார். மேலே மூன்றாவது மாடி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அண்ணாந்து அவளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே விசையை முழுக்க இழுத்தார்.